சைட்டோனீமா: பூங்கோ அன்டோங்கோ பாறைப்பாசி மாதிரி

அங்கோலாவின் பூங்கோ அன்டோங்கோ பாறைகளில் ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் வெல்விச் 1850களில் சேகரித்த நீலப்பச்சைப் பாசியின் உலர்தாவர மாதிரி. ‘கரும்பாறைகள்’ எனப் பெயர்பெற்ற அக்குன்றுகளைக் கறுக்கவைப்பது இப்பாசியே என்று அவர் கண்டறிந்தார். மாதிரியின் தனிமதிப்பு அதில்தான் இருக்கிறது. வெல்விச்சின் ஆப்பிரிக்க நன்னீர்ப் பாசிகளை வில்லியம் வெஸ்ட்டும் மகன் ஜார்ஜும் ஆராய்ந்து 1897இல் வெளியிட்டனர்.

சைட்டோனீமாவின் உலர்ந்த மாதிரி, வெறுங்கண்ணுக்குக் கறுத்த கம்பளித் துணுக்கு. ஒரு சொட்டு நீர்விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் மஞ்சள்பழுப்பு உறை உப்பி எழும். உள்ளே செல்வரிசை, உறையைப் பிளந்து பெரும்பாலும் இணையிணையாக வெளிவரும் பொய்க்கிளைகள். உறையிலுள்ள சைட்டோனெமின் நிறமி புறஊதாக் கதிரை உறிஞ்சுவதாலேயே, நிழலற்ற வெப்பமண்டலப் பாறையிலும் இது வாழ்கிறது. செல்களின் பச்சை வெளிறிய பின்னரும் அந்நிறமி நெடுங்காலம் நிலைக்கும்.