காணாமல் போன கார்
அத்தியாயம் 4: எட்டு சிலிண்டர் கனவு

‘த்ராக்சியோன் அவான்’ என்ற புதிய காரை மக்கள் முன் நிறுத்தச் சில வாரங்களே இருந்தன. கியர்பாக்ஸோ ஓட மறுத்தது. கார் நிறுவன அதிபர் ஆந்த்ரே சிட்ரோயன் என்ன முடிவெடுத்தார் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

அந்த கியர்பாக்ஸையே தூக்கிப் போட்டார்!

லேசான முடிவல்ல அது. சென்சோ த லாவோ வடிவமைத்த தானியங்கி கியர் அமைப்பின் மீது சிட்ரோயன் அளவுகடந்த நம்பிக்கை வைத்திருந்தார். லாவோவும் சாமானியர் அல்ல. 1910இல் பிரேசிலில் தன் கையால் விமானம் கட்டிப் பறந்த மனிதர். கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம் என்ற யோசனை காலத்தை வெகுவாக முந்தியிருந்தது. ஆனால் சோதனை ஓட்டத்தில் மேடு வந்ததும் உள்ளே இருந்த எண்ணெய் சூடேறி, வண்டி திணறியது. சரிசெய்ய நேரமில்லை.

வேறு வழியின்றி, சாதாரண மூன்று கியர் பெட்டி ஒன்றை அவசர அவசரமாக வரைந்து பொருத்தினார்கள். அந்த அவசரத்தின் தழும்பைக் காருக்குள்ளேயே பார்க்கலாம். அன்றைய மற்ற கார்களில் கியர் கம்பி தரையிலிருந்து எழும்பி நிற்கும். இந்தக் காரில் அது டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் எளியது. முன்சக்கரங்களே இழுப்பதால், எஞ்சினுக்கும் முன்னால் காரின் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது கியர்பாக்ஸ். ஓட்டுநரின் கையை அவ்வளவு தூரம் கொண்டுசேர்க்க, எஞ்சின் பக்கமாக நீண்ட கம்பிகளை ஓட்டி, முனையை டாஷ்போர்டு வழியே வெளியே விட்டார்கள். அவசரத்தில் பிறந்த இந்த ஏற்பாடு, கடைசி கார் வரை மாறவேயில்லை.

1934 ஏப்ரலில் ‘த்ராக்சியோன் அவான்’ வெளியானது. தலைமைப் பொறியாளர் ஆந்த்ரே லெஃபெவ்ர் சிட்ரோயனில் சேர்ந்தது 1933 மார்ச்சில். ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் இத்தனையையும் ஒரே காரில் புகுத்தியிருந்தார்கள்: முன்சக்கர இழுவை, பட்டை வில்லுக்குப் பதில் முறுக்குத் தண்டு, நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக், தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடிய சிலிண்டர் உறைகள். இத்தாலியச் சிற்பி ஃப்ளாமினியோ பெர்த்தோனி, காகிதத்தில் வரைவதை விட்டுவிட்டு, சிலை வடிப்பதுபோல் கையால் பிசைந்து அதன் உருவத்தைச் செதுக்கித் தந்திருந்தார்.

எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது உடல்தான். அதுவரை பெரும்பாலான கார்களில் அடியில் கனத்த இரும்புச் சட்டம், அதன்மேல் கூடு. லெஃபெவ்ர் விமானத் துறையில் படித்தவர். சட்டத்தையே நீக்கிவிட்டு, எஃகுத் தகடுகளைப் பற்றவைத்த கூட்டையே எடை தாங்க வைத்தார். நம் ஊர்ப் பனையோலைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சட்டம் கிடையாது, பின்னலே பலம். சட்டம் போனதால் தளம் தாழ்ந்தது. ஏறுவதற்குப் படிப்பலகை தேவைப்படவில்லை. தாழ்ந்த உடல், முன்சக்கர இழுவை இரண்டும் சேர்ந்ததில், வளைவுகளில் அந்த கார் சாலையைக் கவ்விப் பிடித்தது. கூட்டின் வலிமையை நிரூபிக்க, ஒரு காரை மேட்டிலிருந்து உருட்டிவிட்டுப் படம்பிடித்துக் காட்டினார்கள்.

ஆனால் வாங்கியவர்கள் வேறு கதை சொன்னார்கள். முன்சக்கர இணைப்புகள் உடைந்தன. பிரேக் தகராறு செய்தது. பற்றவைத்த இடங்களில் விரிசல் விட்டது. வடிவமைப்பில் பிழையில்லை, சோதித்துத் திருத்த நேரம் தரப்படவில்லை. பிந்தைய ஆண்டுகளில் இதே கார் நம்பகத்துக்குப் பெயர் வாங்கி, 1957 வரை ஏழரை லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது என்பதே அதற்குச் சாட்சி.

அந்த நேரத்தை சிட்ரோயன் ஏன் தரவில்லை? கடன்! தன் ஜாவேல் ஆலையை 1933இல்தான் பெருஞ்செலவில் இடித்துக் கட்டியிருந்தார். புதிய காரின் அச்சுகளும் இயந்திரங்களும் மிச்சத்தை விழுங்கியிருந்தன. கார் விற்றால்தான் பணம். பணம் வந்தால்தான் மூச்சு.

இந்த நிலையில் வேறு எவராக இருந்தாலும் இருப்பதைச் சீர்செய்திருப்பார். சிட்ரோயனோ, 1934 அக்டோபரில், பாரீஸ் மோட்டார் கண்காட்சியில், புத்தம்புதிய கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதுதான் நம் தொடரின் நாயகன்: 22.

முதல் பார்வைக்கு அது த்ராக்சியோனின் அண்ணன். மூக்கு நீளம், உடல் அகலம். தம்பிகளுக்கு ஹெட்லைட் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். இதற்கோ முன் மட்கார்டுகளுக்குள்ளேயே பதிந்திருந்தது. முகப்பில் சிட்ரோயனின் இரட்டை அம்புக்குறி மீது ‘8’ என்ற எண். எட்டு சிலிண்டர்!

எஞ்சினைக் கட்டிய விதத்தில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. த்ராக்சியோனின் பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு 1,911 சி.சி. அதே 78 மி.மீ. விட்டம், அதே 100 மி.மீ. பிஸ்டன் ஓட்டம். அந்த நான்கை இரண்டு வரிசையாக்கி, ‘வி’ வடிவில் சாய்த்து, ஒரே தண்டைச் சுழற்ற வைத்தார்கள். மொத்தம் 3,822 சி.சி. சுமார் 100 குதிரைத்திறன். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் என்று அறிவித்தார்கள். (பெயரில் உள்ள 22, பிரெஞ்சு அரசு வரிபோடுவதற்கு வைத்திருந்த குதிரைத்திறன் கணக்கு.)

சிக்கலும் அங்கேதான் இருந்தது. திரும்புவதும் இழுப்பதும் ஒரே முன்சக்கரங்கள். ஏப்ரலில் வந்த முதல் காரின் 32 குதிரைத்திறனுக்கே அந்த இணைப்புகள் உடைந்துகொண்டிருந்தன. அதைப்போல் மும்மடங்கு சக்தியை அவை எப்படித் தாங்கும்? ஒவ்வொரு பாகத்தையும் உடைத்து, திருத்தி, மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டிய வேலை அது. அச்சடித்த விளம்பரப் புத்தகங்கள் தயார்; கார் இன்னும் தயாராகவில்லை.

22 ஆடம்பரப் பித்து என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையிலிருந்த எஞ்சின் அளவுகளையே இரட்டித்து, கையிலிருந்த உடலையே நீட்டி, பெரிய கார்களின் சந்தையில் நுழையும் கணக்கு அது. புத்திசாலித்தனமான கணக்கு. அதை முடிக்க வேண்டியிருந்தது பணமும் பொறுமையும்தான். இரண்டுமே சிட்ரோயனிடம் தீர்ந்துவிட்டன.

1934 டிசம்பர் 21. நிறுவனம் நீதிமன்றத்தின் பிடிக்குள் போனது. கடன் கொடுத்தவர்களில் மிகப் பெரியவர்களான மிஷெலின் டயர் குடும்பத்தார், ஜாவேல் ஆலையின் கணக்குப் புத்தகங்களைத் திறந்தார்கள். சிட்ரோயனின் உடலையோ புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது.

புதிய எஜமானர்களின் மேஜைக்கு 22 வந்தது. சுமார் 20 கார்கள் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூட இன்று உலகின் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. மிஷெலின் என்ன உத்தரவு போட்டது? அந்த எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் என்ன ஆயின?

அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)