ஐந்தில் மூன்று: அமெரிக்கக் குடியரசில் கட்சிகள் பிறந்த கதை



தேர்தல் நெருங்கும்போது நம் தெருவுக்குள் வரும் கட்சிக்காரர் முதலில் விசாரிப்பது இங்கே எத்தனை ஓட்டு தேறும் என்பதைத்தான். சுடுகாட்டுப் பாதை, பட்டா, தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகு. பல நேரம் அந்தப் பேச்சு வருவதற்குள் வண்டி கிளம்பிவிடும். எண்ணப்படுவதற்கும் மதிக்கப்படுவதற்கும் இடையிலுள்ள தூரம் நமக்குப் புதிதல்ல. இவ்வாண்டு நினைவுச் சொற்பொழிவில் அந்தத் தூரத்தை வேறொரு மண்ணில் வைத்துப் பார்க்க எண்ணுகிறோம். 1790களின் அமெரிக்கா: மன்னனை விரட்டிவிட்டுக் குடியரசு அமைத்த நாடு. சில ஆண்டுகளிலேயே அங்கே ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு கட்சிகள் எழுந்தன. 1801இல் ஆட்சி ஒரு கட்சியிடமிருந்து மற்றதிடம் போரில்லாமல் கைமாறியது. பாடநூல்கள் இதைக் கொண்டாடுகின்றன. கொண்டாடத்தக்கதுதான். ஆனால் அந்தக் கைமாற்றத்தின் கணக்கேட்டில் ஓட்டே இல்லாத மக்களின் உடல்கள் வரவு வைக்கப்பட்டிருந்தன.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று இளைய தோழர்கள் கேட்கக்கூடும். 1873இல் 'குலாம்கிரி'யை எழுதிய ஜோதிராவ் ஃபுலே, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக நின்ற அமெரிக்க மக்களுக்கே அந்நூலைக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். இந்த உறவை நாம் புதிதாகக் கட்டவில்லை.

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தில் கட்சிகளுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. அதை எழுதியவர்களுக்குக் கட்சி என்றால் நோய். அதே ஆண்டு ஜேம்ஸ் மேடிசன், குழுப் பிளவுகளின் கேடு பற்றி நீண்டதொரு கட்டுரை எழுதினார். நான்கைந்து ஆண்டுகளில் அவரே ஒரு கட்சியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

சண்டை பணத்தில் தொடங்கியது. விடுதலைப் போரில் சிப்பாய்களுக்குக் கூலியாகக் கடன் பத்திரங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. பசியில் இருந்தவர்கள் அவற்றைக் கிடைத்த விலைக்கு வணிகர்களிடம் விற்றுவிட்டார்கள். நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன், பத்திரம் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முழு மதிப்பையும் தருவோம் என்றார். முதலில் பெற்ற சிப்பாய்க்கும் பங்கு வேண்டும் என்று மேடிசன் வாதாடித் தோற்றார். அடுத்து, மாநிலங்களின் போர்க்கடனை மைய அரசு ஏற்பதா என்ற வழக்கு. அது 1790இல் தாமஸ் ஜெஃபர்சன் வீட்டு விருந்தில் பேரமாக முடிந்தது: கடனை மைய அரசு ஏற்கும், தலைநகர் தெற்கே பொட்டோமாக் ஆற்றங்கரைக்குப் போகும். 1791இல் தேசிய வங்கி வந்தபோது பிளவு நிலைபெற்றது. ஹாமில்டன் பக்கம் நின்றவர்கள் ஃபெடரலிஸ்டுகள். ஜெஃபர்சனும் மேடிசனும் திரட்டியவர்கள் தங்களைக் குடியரசினர் என்றார்கள். (இன்றைய குடியரசுக் கட்சி வேறு, அது 1854இல் பிறந்தது.)

கட்சிக்கு முன்னே பத்திரிகை வந்தது. ஃபெடரலிஸ்டுகளுக்கு ஜான் ஃபென்னோவின் ஏடு இருந்தது. அதற்கு எதிராகக் கவிஞர் ஃபிலிப் ஃப்ரெனோ 1791இல் ஓர் ஏடு தொடங்கினார். அவருக்கு ஜெஃபர்சனின் துறையில் ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. அரசுச் சம்பளத்தில் அரசைத் திட்டும் பத்திரிகை! ஹாமில்டன் கொதித்துப் போனார்.

1793, 94 ஆண்டுகளில் ஊர் ஊராக ஏறக்குறைய 40 மக்கள் சங்கங்கள் முளைத்தன. கைவினைஞர்களும் உழவர்களும் கூடிப் பிரெஞ்சுப் புரட்சியை வாழ்த்தினார்கள், அரசின் செயல்களை அலசினார்கள். குடியரசுத் தலைவர் வாஷிங்டன் இவற்றைத் தாமாக முளைத்த சங்கங்கள் என்று நாடாளுமன்றத்திலேயே கண்டித்தார். உங்களைக் கூட்டம் போடச் சொன்னது யார் என்ற கேள்விதான் அது. அந்தக் கேள்வியை நாமும் கேட்டிருக்கிறோம், பெரும்பாலும் காவல் நிலைய வாசலில். 1798இல் ஃபெடரலிஸ்டுகள் தேசத்துரோகச் சட்டம் கொண்டு வந்தார்கள். அரசையும் நாடாளுமன்றத்தையும் குடியரசுத் தலைவரையும் இழிவாக எழுதினால் சிறை. துணைத் தலைவரை மட்டும் திட்டலாம். அப்போது துணைத் தலைவர் ஜெஃபர்சன். வெர்மான்ட் மாநில உறுப்பினர் மேத்யூ லயனுக்கு நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். சிறையிலிருந்தபடியே அவர் மறுதேர்தலில் வென்றார்.

இவ்வளவு வரை படித்தால் நம் மனம் குடியரசினர் பக்கம் சாய்கிறது. பணக்காரருக்கு எதிராக உழவர், அடக்குமுறைக்கு எதிராகப் பேச்சுரிமை. இப்போது கணக்கைத் திறப்போம்.

மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு இடங்கள் என்று அரசியல் சட்டம் சொன்னது. அடிமைகளை எப்படி எண்ணுவது? ஓர் ஆளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணு என்றது. இதை, கறுப்பினத்தவரை முக்கால் மனிதராகக்கூடச் சட்டம் ஏற்கவில்லை என்று பலர் விளக்குகிறார்கள். கோபம் நியாயம், விளக்கம் பிழை. அடிமையை முழுதாக எண்ணச் சொன்னவர்களே அடிமை உடைமையாளர்கள்தான். எண்ணிக்கை கூடக் கூட இடம் கூடும். அந்த இடத்தில் அமர்பவர் எசமானர். ஐந்தில் மூன்றும் அடிமைக்குக் கிடைக்கவில்லை, எசமானருக்குக் கிடைத்தது.

1790 கணக்கெடுப்பில் நாட்டின் சுமார் 39 லட்சம் பேரில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைப்படுத்தப்பட்டிருந்தார்கள். பென்சில்வேனியாவில் அடிமையல்லாதோர் சுமார் 4,31,000. வெர்ஜீனியாவில் சுமார் 4,55,000. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பிரதிநிதிகள் சபையில் பென்சில்வேனியாவுக்கு 13 இடம், வெர்ஜீனியாவுக்கு 19. மிகுதி இடங்கள் வெர்ஜீனியாவில் அடிமையாய்க் கிடந்த 2,92,000க்கும் மேற்பட்டோரின் தலைக்கு விழுந்தவை. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் எண்ணிக்கையும் இதைத் தொட்டே அமைந்தது. 1800 தேர்தலில் ஜெஃபர்சனுக்கு 73 தேர்வாளர் வாக்கு, ஜான் ஆடம்ஸுக்கு 65. வேறுபாடு 8. அடிமைகளின் எண்ணிக்கையால் ஜெஃபர்சனுக்குக் கூடுதலாகக் கிடைத்தவை குறைந்தது 12 என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை உடைமையாக வைத்திருந்தவர் ஜெஃபர்சன். அவர் சுதந்திரத்தின் கோயிலுக்குள் அடிமைகளின் தோளில் ஏறிப் போகிறார் என்று பாஸ்டன் ஏடொன்று அன்றே எழுதியது.

அப்படியானால் ஃபெடரலிஸ்டுகள் நம்மவர்களா? ஆடம்ஸ் அடிமை வைத்திருக்கவில்லை என்பது உண்மை. அவரோடு சேர்ந்து போட்டியிட்ட பின்க்னி, தென் கரோலினாவின் அடிமை உடைமையாளர். 1793இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 48க்கு 7 என்று நிறைவேறியது, கையெழுத்திட்டவர் வாஷிங்டன். 1796 மே மாதம், பிலடெல்பியாவில் அவர் வீட்டிலிருந்து ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் தப்பிக் கப்பலேறினார். அவரைப் பிடித்துத் தர வாஷிங்டன் நாடியது தன் நிதிச் செயலரையும் சுங்க அதிகாரியையும். அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்ததுதான் கட்சிப் பகை நாட்டைக் கெடுக்கும் என்று எச்சரித்த புகழ்பெற்ற விடைபெறும் உரை. ஓனா கடைசிவரை பிடிபடவில்லை.

அப்போதைய தலைநகர் பிலடெல்பியா. 1793இல் அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவி ஏறக்குறைய 5,000 பேர் இறந்தார்கள். வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கறுப்பினத்தவருக்கு இந்நோய் ஒட்டாது என்று மருத்துவர் ஒருவர் நம்பிச் சொல்ல, அவர்களே நோயாளிகளைப் பார்த்தார்கள், பிணம் சுமந்தார்கள், குழி வெட்டினார்கள். அவர்களும் செத்தார்கள். எல்லாம் அடங்கியபின் அவர்கள் மேல் வந்த பழி: திருடினார்கள், கூடுதல் கூலி பறித்தார்கள். நம் பாட்டன்மார் கதை போலில்லையா? அந்தப் பழிக்கு 1794இல் நூலெழுதி மறுப்புச் சொன்னவர்கள் அப்சலோம் ஜோன்சும் ரிச்சர்டு ஆலனும். இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

அதே ஜோன்ஸ் முன்னின்று, அந்நகரின் சுதந்திரக் கறுப்பின மக்கள் 70 பேருக்கு மேல் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். 1800 ஜனவரியில் அது சபைக்கு வந்தது. சுதந்திர மனிதர்களையும் பிடித்துத் தெற்கே விற்க உதவும் 1793 சட்டத்தைத் திருத்துங்கள், அடிமை வணிகத்தைத் தடுங்கள், விடுதலைக்குப் படிப்படியாக வழி செய்யுங்கள் என்றார்கள். அரசியல் சட்டத்தின் முகப்பில் உள்ள மக்கள் என்ற சொல்லில் நாங்களும் உண்டு என்பது அவர்கள் வாதம். மனுவைக் கடுமையாகத் தாக்கிய தென் கரோலினாவின் ரட்லெஜும், எழுதத் தெரியாதவர்களின் மனு என்று எள்ளிய மாசசூசெட்ஸின் ஓடிஸும் ஃபெடரலிஸ்டுகளே. சட்டம் தடுக்கும் விஷயங்களைக் கோரும் பகுதிகளுக்கு எந்த ஆதரவும் கூடாது என்ற தீர்மானம் 85க்கு 1 என்று நிறைவேறியது. வங்கி, வரி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் அன்று ஒரே வரிசையில் நின்றன. எதிர்த்து நின்ற ஒருவர் ஜார்ஜ் தாச்சர். அவருக்கு நன்றி சொல்லிப் பாய்மரத் தொழிலாளி ஜேம்ஸ் ஃபோர்ட்டன் கடிதம் எழுதினார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் வெர்ஜீனியாவின் ரிச்மண்ட் அருகே கேப்ரியல் என்ற அடிமைக் கொல்லர் எழுச்சிக்குத் திட்டமிட்டார். பெருமழையும் காட்டிக்கொடுப்பும் அதைக் கெடுத்தன. இருபதுக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார்கள். ஆளுநர், குடியரசினர் கட்சியின் ஜேம்ஸ் மன்றோ. தேர்தல் நடந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், ஜெஃபர்சன் கட்சியின் சுதந்திரப் பேச்சால் விளைந்தது இது என்று ஃபெடரலிஸ்ட் ஏடுகள் எழுதின. அந்தப் பிணங்களும் பிரசாரத்துக்குப் பயன்பட்டன.

கட்சிப் போட்டி ஓட்டுரிமையை விரித்தது என்பார்கள். யாருக்கு? நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்களும் கறுப்பினத்தவரும் வாக்களித்து வந்தார்கள். 1807இல் ஒரே சட்டத்தில் இருவரும் நீக்கப்பட்டார்கள். நியூயார்க்கில் 1821இல் கூடிய அரசியல் சட்ட மாநாட்டில் ஜெஃபர்சன் வழிவந்தவர்களே பெரும்பான்மை. அது வெள்ளை ஆண்களுக்குச் சொத்து நிபந்தனையைப் பெரும்பாலும் தளர்த்தியது. கறுப்பின ஆண்களுக்கு 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. ஒரு கை திறந்த கதவை மறு கை சாத்தியது.

இங்கேயும் ஒரு கணக்குண்டு. 1910இல் கணக்கெடுப்பு ஆணையர் கெய்ட், யாரை இந்துவாக எண்ணுவது என்று சுற்றறிக்கை விட்டபோது, நம்மைத் தம் தொகையிலிருந்து விட்டுவிடக் கூடாது என்று பதறியவர்கள் கோயில் கதவைத் திறக்கப் பதறவில்லை.

அமெரிக்காவில் 1868இன் 14ஆவது திருத்தம் ஐந்தில் மூன்றை ஒழித்தது. இனி எல்லோரும் முழுதாக எண்ணப்பட்டார்கள். 1890இல் மிசிசிப்பி தொடங்கி, தெற்கு மாநிலங்கள் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் வைத்துக் கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறித்தன. எண்ணிக்கையால் வந்த இடங்களை மட்டும் வைத்துக்கொண்டன. 1965 வாக்குரிமைச் சட்டம் வரை ஐந்தில் ஐந்தும் எசமானர் வாரிசுகளின் கணக்கில்தான் சேர்ந்தது. வாக்குரிமையைப் பறிக்கும் மாநிலத்துக்கு இடங்களைக் குறைக்க வேண்டும் என்று அதே 14ஆவது திருத்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. எந்த மாநிலத்துக்கும் அது பயன்படுத்தப்படவில்லை.