முதல் உலகப்போர் முடிந்தபோது பெரம்பூரில் என்ன நடந்தது?

போன செமஸ்டரில் தொழில் சட்டம் பேப்பருக்காக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். 1926ம் வருஷத்து தொழிற்சங்கச் சட்டம், பிரிவு 17, பிரிவு 18. சங்கத்துக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் அவர்கள் மேல் சதி வழக்கோ நஷ்டஈடு வழக்கோ போடமுடியாது. அவ்வளவுதான் மேட்டர். ஐந்து மார்க் கேள்வி. மனப்பாடம் செய்துவிட்டுப் போயே விட்டிருப்பேன். ஆனால் அந்தப் பிரிவுகள் எதற்காக வந்தன என்று தேடப்போனால், கதை எங்கள் திருவொற்றியூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் போய் நின்றது. பெரம்பூர் பி அண்ட் சி மில்!

முதல் உலகப்போர் என்றால் நம்ம ஆட்களுக்கு எம்டன் ஞாபகம் வரும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. இன்றைக்கும் யாராவது கில்லாடியாக இருந்தால் 'அவன் பெரிய எம்டன்' என்கிறோம். ஆனால் வடசென்னை ஏழைகளை உண்மையில் அடித்தது எம்டன் குண்டு இல்லை, விலைவாசி. போரின் கடைசி வருஷங்களில் துணி, மண்ணெண்ணெய், உப்பு, அரிசி எல்லாம் ஏறியது. சென்னைக் கூலிக்காரர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் ரங்கூன் அரிசி. அது வரவேண்டிய கப்பல்களோ போருக்குப் போய்விட்டன. 1918ல் மழையும் ஏமாற்ற, அந்த செப்டம்பரில் சென்னையில் அரிசிக் கடைகளும் தானியக் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. கொஞ்ச நாளில் வெளி மாவட்டங்களுக்கும் பரவியது. அதே சமயத்தில் இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் வேறு. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். நவம்பர் 11ந் தேதி போர் முடிந்தபோது இங்கே நிலைமை இதுதான்.

சரி, மில்லுக்கு வருவோம். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் இரண்டிலும் சேர்த்து சுமார் பத்தாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். பட்டாளத்துக்குக் காக்கித் துணி இங்கிருந்துதான் போனது. போர் என்றால் ஆர்டர், ஆர்டர் என்றால் லாபம் (காமர்ஸ் புத்தி!). தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதற்குள் கை கழுவி, சாப்பிட்டு, திரும்பி வந்து நிற்கவேண்டும். காலையில் கொஞ்சம் லேட்டானால் கேட் மூடிவிடும், சம்பளம் போய்விடும். மேஸ்திரி, வெள்ளைக்கார அதிகாரி அடிப்பதும் உண்டு.

மில்லுக்குப் பக்கத்தில் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்தாலே தெரியும், பக்திச் சொற்பொழிவு நடக்கிற இடம். தொழிலாளர்கள் அங்கே வருவார்கள். அந்த சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பிரசங்கம் கேட்க வந்தவர்களின் கஷ்டத்தைக் கேட்க ஆரம்பித்தார்கள். 'தேசபக்தன்' ஆசிரியர் திரு.வி.க. அங்கே வந்து பேசினார். பிறகு அன்னி பெசண்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' ஆபீஸுக்குப் போய் பி.பி.வாடியாவைப் பிடித்தார்கள். வாடியா பம்பாய் பார்சி, தியாசபிக்காரர், 1917ல் பெசண்ட்டோடு சேர்த்துக் காவலில் வைக்கப்பட்டவர். 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் ஒழுங்காக அமைப்பு, சந்தா என்று வைத்து நடந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் பல புத்தகங்கள் சொல்கின்றன. போர் நடக்கும்போது மில்லை நிறுத்தினால் சிப்பாய்களுக்குத் துணி போகாது, அதனால் வேலைநிறுத்தம் வேண்டாம் என்று வாடியாவே ஆரம்பத்தில் தடுத்தார் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

போர் முடிந்ததும் உலகமே கொதித்தது. 1919ல் பம்பாய் மில்களில் லட்சம் பேர் அளவில் வேலைநிறுத்தம், அமெரிக்காவில் சியாட்டில், கனடாவில் வின்னிபெக்... ரஷ்யாவில் நடந்த புரட்சி எங்கே தங்கள் நாட்டுக்கும் வந்துவிடுமோ என்று பெரிய நாடுகளுக்குப் பயம். வெர்சாய் ஒப்பந்தத்திலேயே தொழிலாளர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கி ஐ.எல்.ஓ.வை உருவாக்கினார்கள். அதன் முதல் மாநாடு 1919ல் வாஷிங்டனில். இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக என்.எம்.ஜோஷி போனார், அவருக்கு ஆலோசகராக நம்ம வாடியா! ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அங்கே முடிவானது. ஆனால் அதே ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கென்று தனியாக ஒரு விதி இருக்கிறது: வாரத்துக்கு 60 மணி. உலகத்துக்கு 48, நமக்கு 60. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். 1922ல் இங்கே தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த 60ஐத்தான் போட்டார்கள்.

1920 கடைசியில் பக்கிங்ஹாம் மில்லில் தகராறு வந்து கதவடைப்பு. டிசம்பரில் துப்பாக்கிச் சூடு, தொழிலாளர்கள் செத்தார்கள். கம்பெனி இன்னொரு ஆயுதமும் எடுத்தது: ஹைகோர்ட். தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள், அதனால் எங்களுக்கு நஷ்டம் என்று வாடியா மேலும் மற்றத் தலைவர்கள் மேலும் வழக்கு. கோர்ட்டும் தடை உத்தரவு கொடுத்துவிட்டது. இங்கிலாந்தில் இதே வழக்கு நின்றிருக்காது. அங்கே 1901ல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் சங்கத்துக்கு அடி விழுந்து, பெரிய கூச்சலாகி, 1906லேயே சங்கங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்துச் சட்டம் போட்டுவிட்டார்கள். லண்டனில் சட்டப்படி சரியான காரியம் பெரம்பூரில் தப்பு! கடைசியில் 1921 ஜனவரியில் சமரசம். வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகவேண்டும், கம்பெனி வழக்கை விட்டுவிடும். அவர் விலகிவிட்டார். அந்த மார்ச்சிலேயே என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருஷம் இழுத்து 1926ல் சட்டம் வந்தது. என் ஐந்து மார்க் கேள்வி அதுதான். (2020ல் கொண்டுவந்த தொழிலுறவுத் தொகுப்பு இந்தச் சட்டத்தையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. ஜூனியர்கள் பழைய நோட்ஸை நம்பாதீர்கள்.)

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் 1921 நடுவில் நடந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. மறுபடியும் பெரிய வேலைநிறுத்தம். இந்தமுறை ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். ஏன் போனார்கள்? சில மாதம் முன்புதான் ஒரு போராட்டத்தில் பட்டினி கிடந்து கடனில் மூழ்கியிருந்தார்கள். எம்.சி.ராஜா போன்ற அவர்களுடைய தலைவர்களும் வேலைக்குப் போகச் சொன்னார்கள். தெருவில் பக்கத்தில் நடக்கவிடாதவன் மில் கேட்டில் மட்டும் 'தோழா' என்றால் யார் நம்புவார்கள்? சங்கத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், ஆதிதிராவிடர்கள் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. ஜூன் 28ல் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். வீடு இழந்தவர்களுக்கு சர்க்கார் வியாசர்பாடியில் முகாம் போட்டது. இரண்டு பக்கமும் அடிதடி, ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, சாவு. ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்கள் பலர், சர்க்கார் ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுப்பதுதான் காரணம் என்று பேசினார்கள். எம்.சி.ராஜா 1923ல் அந்தக் கட்சியை விட்டே போய்விட்டார். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

கம்பெனியையும் சர்க்காரையும் மட்டும் குற்றம் சொல்லி எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் பிரித்தாண்டார்கள், உண்மை. ஆனால் பிரிவு ஏற்கனவே இருந்ததால்தானே பிரிக்க முடிந்தது. முதல் சங்கம் என்று பெருமையாகச் சொல்லும்போது புளியந்தோப்பையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள், சண்டை போடலாம் :-)

1923 மே 1ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1921ல் தோற்ற தொழிலாளர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மில் 1996ல் மூடிவிட்டது. பிறகு ரொம்ப நாள் சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுக்கும் இடமாக இருந்தது. எங்கள் தாத்தாவிடம் கேட்டேன். வாடியா யாரென்று அவருக்குத் தெரியவில்லை. 'மில்லு சங்கு ஊதினா மணி பாக்க வேணாம்டா, அவ்ளோ கரெக்டு' என்றார். சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விடுவார்கள் தாத்தா என்று கேட்டேன். 'அது மட்டும் என்னைக்கும் பத்தாது' என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.