பழைய புல்லட்டும் போன பளபளப்பும்

காஞ்சிபுரத்தில் 'வாகனம்' என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வைகாசியில் வரதராஜப் பெருமாள் ஏறி வரும் கருட வாகனம்தான். அடுத்த இடம் எதற்கு என்று பட்டிமன்றம் வைத்தால் புல்லட் ஜெயித்தாலும் ஆச்சரியமில்லை. ராயல் என்பீல்டின் ஒரகடம் ஆலை 2013-லும், வல்லம் வடகால் ஆலை 2017-லும் உற்பத்தியைத் தொடங்கின. இரண்டுமே இந்த மாவட்டத்தில் இருப்பவை.

புது புல்லட் கதை எல்லோருக்கும் தெரியும். அப்பா காலத்து, தாத்தா காலத்து புல்லட்டின் கதை வேறு. டாங்க் மேல் விரலை வைத்து இழுத்தால் சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டும். கறுப்பு சாம்பலாகியிருக்கும், சிவப்பு ரோஸ் கலராகியிருக்கும். உடனே பெயிண்டரிடம் கொண்டுபோய், எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் புதுசாக அடிக்கச் சொல்லிவிடுவார்கள். அங்கேதான் விஷயம் கெடுகிறது. பல வண்டிகளில் அந்தப் பளபளப்பு எங்கும் போயிருக்காது. பொடிக்குக் கீழே அப்படியே இருக்கும்!

இது புரிய வண்டிப் பெயிண்டின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் கார்களுக்கென்று தனிப் பெயிண்ட் கிடையாது. குதிரை வண்டிக்கு அடித்த வார்னிஷ்தான் காருக்கும். ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருந்து, தேய்த்து, மறுபடி பூசி, ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். பாலிஷும் அப்படித்தான், மரச்சாமான் கடையிலிருந்து வந்தது. இன்று கார் பாலிஷுக்குப் பேர் போன மெக்வயர்ஸ் நிறுவனம் 1901-ல் அமெரிக்காவில் நாற்காலி மேசைக்குப் பாலிஷ் செய்து விற்க ஆரம்பித்ததுதான். ஃபோர்டு தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே கொடுத்தார். கறுப்பு எனாமல் மலிவு, சீக்கிரம் காயும், நாள்பட உழைக்கும் என்பதெல்லாம் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

1923-ல் டூபாண்ட் நிறுவனம் 'டூக்கோ' என்ற லாக்கர் பெயிண்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருட மாடலாக வந்த ஓக்லாண்ட் கார் நீல நிறத்தில் இறங்கியது. வாரக்கணக்கு வேலை மணிக்கணக்கானது. முதலீடு பெயிண்ட் ஷெட்டில் சும்மா முடங்கிக் கிடக்காது அல்லவா? காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதன் அருமை புரியும் :) ஆனால் ஒரு சிக்கல். இந்த லாக்கர் காய்ந்ததும் மங்கலாகத்தான் இருக்கும். ஆலையிலேயே காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துத்தான் பளபளப்பைக் கொண்டுவர வேண்டும். ஆக, 'ரப்பிங்' என்பது பழைய வண்டிக்கான வைத்தியமாக மட்டும் வந்ததில்லை. புது வண்டி பிறக்கும்போதே நடந்த சடங்கு அது. பிறகு 1930-களில் தேய்க்காமலே பளபளக்கும் எனாமல்கள் வந்தன.

சென்னையில் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் சேர்ந்து என்பீல்ட் இந்தியாவை ஆரம்பித்தபோது இருந்தது இந்த எனாமல் காலம்தான். 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 1994-ல் ஐஷர் குழுமம் கைக்குப் போனது.

அது லைசென்ஸ் ராஜ்ஜியம். யார் எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசாங்கம் தீர்மானித்த காலம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த கதை வீட்டுக்கு வீடு உண்டு. காத்திருந்து வாங்கியதை யார் சீக்கிரம் விற்பார்கள்? இருபது வருடம் வைத்து ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டி துடைப்பது ஒரு பழக்கமானது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் கேட்கவே வேண்டாம்.

அந்த வாசல் வைத்தியங்களில் பாதி தப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் அன்று மின்னும், மறுநாள் தெருப் புழுதி மொத்தமும் அதில் ஒட்டும். தேங்காய் எண்ணெயும் அதே கேஸ். பல் பேஸ்ட் பரவாயில்லை, அதில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள் இருப்பதால் லேசாகத் தேய்க்கும். ஆனால் ஒரு டாங்க்குக்கு எத்தனை டியூப் வாங்குவது?

பெயிண்ட் ஏன் மங்குகிறது? பெயிண்டில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பிசின். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றும் மேல்பக்கப் பிசினைச் சிதைக்கின்றன. பிடிமானம் போன பொடி மேலே நிற்கிறது. அவ்வளவுதான் மங்கல். அந்த மெல்லிய செத்த தோலை எடுத்துவிட்டால் உள்ளே நல்ல நிறம்.

எடுக்கும் முன் ஒரு சோதனை. வண்டியை ஷாம்பு தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டு, கண்ணில் படாத ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் தொட்டுத் தேய்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் வந்தால் அது பழைய ஒற்றைப் பூச்சு. பலர் 'ஐயோ, பெயிண்ட் போகிறதே' என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். பயம் வேண்டாம், வருவது செத்த தோல். மென்மையான காம்பவுண்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, துணியை அடிக்கடி மாற்றி, கடைசியில் மெழுகுப் பாலிஷ் போட்டால் போதும். துணியில் நிறமே வரவில்லை என்றால் மேலே நிறமில்லாத கிளியர் கோட் இருக்கிறது என்று அர்த்தம். இது 1980-களில் உலகெங்கும் பரவிய முறை. அது தோல் தோலாக உரிந்துவிட்டிருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது, பெயிண்டர்தான் கதி.

எவ்வளவு தேய்க்கலாம்? மொத்தப் பெயிண்டே சுமார் 100 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். விளிம்புகளில் இன்னும் குறைவு. வேகமாக முடிக்கலாம் என்று டாங்க் ஓரத்தில் மெஷினை வைத்து அழுத்துகிறவர்கள் தகரத்தைப் பார்த்துவிடுவார்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பட்டுச் சேலையின் நல்ல சரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியது. தங்கம் மேலே மட்டும்தான். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு வருடம் முழுக்கத் தேய்க்கலாம், அது உள்ளே வரைக்கும் பித்தளை. சரிகையை யாராவது அப்படித் தேய்ப்பார்களா? வண்டிப் பெயிண்ட் சரிகை ஜாதி.

புல்லட்டில் நிஜமாகவே ஒரு சரிகை உண்டு. டாங்க் ஓரத்தில் ஓடும் தங்க நிறக் கோடு. இங்கிலாந்து நாட்களிலிருந்து வரும் வழக்கம். ஸ்கேல், ஸ்டென்சில் எதுவும் இல்லாமல் தூரிகையில் பெயிண்டைத் தொட்டு, டாங்க்கின் வளைவோடு கையை ஓட்டிப் போடுவார்கள். ஆலை திருவொற்றியூரிலிருந்து ஒரகடத்துக்கு விரிந்த பிறகும் இந்தக் கை வேலை தொடர்ந்தது. இயந்திரக் கைகள் பெயிண்ட் அடிக்கும் அதே ஆலையில்!

கையால் போட்டதால் ஒரு டாங்க்கின் கோடு இன்னொன்றில் அச்சு அசலாக வராது. எங்கோ ஒரு முனை கொஞ்சம் தடித்திருக்கும். மேலே காப்புப் பூச்சு இல்லாத பழைய டாங்க்குகளில் இந்தக் கோடு மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் போகும், நாலு தேய்ப்பில் காணாமல் போய்விடும். ஸ்டிக்கர் கடையில் மாற்றுக் கோடு கிடைக்கும்தான், ஆனால் அது ஸ்டிக்கர். காம்பவுண்டைத் தொடும் முன் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை மெதுவாக ஒட்டி, வேலை முடிந்ததும் அதைவிட மெதுவாக எடுக்க வேண்டும். கோட்டின் மேல் மெழுகும் பழைய பருத்தி பனியன் துணியும் மட்டும் போதும்.