கண்டி வீதியின் தரிப்பிடங்கள்: அம்பலம் முதல் மின்னேற்று நிலையம் வரை

போக்குவரத்து வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வீதியையும் வண்டியையுமே தம் ஆய்வுப் பொருளாகக் கொள்வர். வீதியை அமைத்த தேசாதிபதி யார், முதல் வண்டி எவ்வாண்டில் ஓடியது என்பன போன்ற வினாக்களுக்கு விடை காண்பதோடு அவர்தம் பணி நிறைவெய்தி விடுகின்றது. வண்டியும் மனிதனும் விலங்கும் இடைவழியில் எங்கே நின்றனர், அங்கே அவர்களுக்குக் கிடைத்தது யாது, அதனை வழங்கியவர் யாவர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. ஆயினும் ஒரு வீதி எத்துணைத் தூரம் எவருக்குப் பயன்பட்டது என்பதை உறுதி செய்வன தரிப்பிடங்களே. இவ்வுண்மையை மின்சார மோட்டார் வண்டியின் வருகை இன்று மீண்டும் உணர்த்தியுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் 2012இல் கலிபோர்னியா மாநிலத்தில் ஆறு விரைவு மின்னேற்று நிலையங்களைத் திறந்தது. 2025ஆம் ஆண்டளவில் அவை உலகெங்கும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டனவாகப் பெருகின. இப்பெருக்கத்தோடு புதுமையான போட்டியொன்றும் தோன்றியது. அவ்வண்டிகளின் உரிமையாளர் சிலர், மிகுதியான மின்னேற்று நிலையங்களுக்குச் சென்றவர் யார் என்று தமக்குள் போட்டியிடலாயினர். ஒரே நிலையத்துக்குப் பன்முறை சென்றாலும் அது ஒன்றாகவே எண்ணப்படும். வாணிப நோக்கமோ அலுவலோ இன்றி, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும் பொருட்டே பல நூறு மைல் பயணஞ் செய்வோரும் அவர்களிடையே உளர்.

இம்மனப்பாங்கு தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் அனைத்தையும் தரிசித்தல் வேண்டும் என்னும் சைவரின் வேட்கையும், நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் மண்ணுலகில் உள்ள நூற்றாறையும் கண்டுவிட விழையும் வைணவரின் ஆர்வமும் தலங்களை எண்ணிச் செல்லும் பயண மரபையே காட்டுகின்றன. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையான நிபந்தனை ஒன்றுண்டு. எண்ணத் தொடங்குவதற்கு முன் எண்ணப்படுவன போதிய அளவில் இருத்தல் வேண்டும். தரிப்பிடம் மலிந்த நாட்டிலேயே தரிப்பிடங்களை எண்ணுதல் விளையாட்டாக அமைய முடியும். அவை அரிதாகவுள்ள இடத்தில் அடுத்த தரிப்பிடத்தை அடைதலே பயணியின் பெருங் கவலையாகும். கண்டியையும் அதன் சுற்றுப்புறங்களையும் இந்நோக்கிற் கண்டால், இரு நூற்றாண்டு வரலாறு ஒரு புது ஒழுங்கிலே புலப்படும்.

அரணும் அம்பலமும்

கண்டி இராச்சியம் வீதிகள் இன்மையாலேயே தன்னைக் காத்துக்கொண்டது. மலையரண், காட்டரண், நீரரண் ஆகிய மூன்றும் அதற்கு வாய்த்திருந்தன. அகன்ற பாதைகளை அமைப்பதை மன்னர் விரும்பவில்லை. ஒடுங்கிய வழிகளின் முக்கிய இடங்களில் முள்ளாலான கடவைகள் அமைக்கப்பட்டுக் காவலர் நிறுத்தப்பட்டனர். 1594இல் தந்துறையிலும் 1638இல் பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் படைகள் அழிந்தமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணமாகும். உள்ளே புகுந்த படைக்கு உணவும் ஓய்வும் தரவல்ல தரிப்பிடம் எதுவும் அம்மலைகளில் இருக்கவில்லை.

அந்நியப் படைக்கு மறுக்கப்பட்டது, அமைதியான வழிப்போக்கனுக்கு மறுக்கப்படவில்லை. கிராமத்தார் வழியோரங்களில் அம்பலங்களைக் கட்டிப் பேணினர். தமிழ்நாட்டுச் சத்திரமும் யாழ்ப்பாணத்து மடமும் சுமைதாங்கியும் ஆற்றிய பணியையே சிங்களக் கிராமத்து அம்பலமும் ஆற்றியது. 'அம்பலம்' என்னும் சொல் தமிழிலும் பொதுமன்றைக் குறிப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிக் கண்டிக்குச் சென்ற முஸ்லிம் வணிகர்க்கும், யாத்திரிகர்க்கும் இவை நிழல் தந்தன. அங்கே தங்குவதற்குக் கட்டணம் அறவிடப்படவில்லை. தங்குவோரின் குலமும் மொழியும் தடையாகவில்லை.

வீதியும் அதனை அமைத்தோரும்

1815 மார்ச் 2ஆந் திகதி கைச்சாத்தான உடன்படிக்கையினால் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. மூன்றாண்டுகளில் மூண்ட கிளர்ச்சி, படைகள் விரைந்து செல்வதற்கு வீதி இன்றியமையாதது என்பதை அவர்களுக்கு உணர்த்தியது. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் 1820ஆம் ஆண்டு கொழும்பு-கண்டி வீதியை அமைக்கும் பணியைத் தொடக்கினார். பொறியியற் படைப்பிரிவைச் சேர்ந்த கப்டன் டோசன் கடுகண்ணாவைக் கணவாயூடாக வீதியை வகுத்தார். மலையைத் துளைத்து வருபவனே கண்டியை ஆள்வான் என்னும் பழங்கூற்றை மெய்ப்பிப்பது போல அங்கு பாறையொன்று குடையப்பட்டு அதனூடாக வீதி சென்றது.

1829இல் இறந்த டோசனின் நினைவாக 1832இல் கடுகண்ணாவையில் உயர்ந்த கோபுரமொன்று எழுப்பப்பட்டது. அவ்வாண்டிலேயே கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபாற் குதிரை வண்டிச் சேவை ஆரம்பமாயிற்று. அவ்வாண்டிலேயே இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. இம்மூன்றும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை சிந்தனைக்குரியது. கூலியின்றி, இராஜகாரியம் என்னும் பெயரால், பாறை உடைத்தும் மண் சுமந்தும் வீதியைச் சமைத்த குடிகளின் உழைப்பு முடிந்த பின்னரே அம்முறை நீங்கியது. கோபுரம் கப்டனின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

குதிரை வண்டி, தரிப்பிடத்தின் இயல்பை மாற்றியது. களைத்த குதிரைகளை அவிழ்த்துப் புதியனவற்றைப் பூட்டுவதற்கு இடைக்கிடையே நிலையங்கள் தேவைப்பட்டன. உத்தியோகத்தரும் துரைமாரும் தங்குவதற்கு வாடிவீடுகள் எழுந்தன. இலங்கையின் மிகப் பழைய வாடிவீடுகளுள் ஒன்றாகக் கருதப்படும் அம்பேபுச வாடிவீடு இவ்வீதியிலேயே உள்ளது. அம்பலம் அனைவர்க்கும் உரியது. வாடிவீடோ பணமும் பதவியும் உடையார்க்கு உரியது. ஒரே வீதியில் இருவகைத் தரிப்பிடங்கள் தோன்றியமை, சமுதாயம் இரு கூறாகப் பிரிவுற்றதன் புற அடையாளம் எனலாம்.

மாத்தளை வழி

கண்டிக்குச் செல்லும் வழிகளுள் வரலாற்றாசிரியர் மிகுந்த கவனஞ் செலுத்தவேண்டியது கொழும்பு வீதி மட்டுமன்று. 1830களிற் பெருகத் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்தது வடக்கு வழியாலேயாகும். தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்த அவர்கள், கங்காணிமாரின் தலைமையில், நீரற்ற காடுகளினூடே நூற்று முப்பது மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து கண்டி மலைகளுக்குச் சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் தாகமும் அவர்களுட் பலரைப் பலிகொண்டன. பெண்களும் குழந்தைகளும் அக்கூட்டங்களில் இருந்தனர்.

அவ்வழியிலே அடுத்த கிணறு எங்கேயுள்ளது என்பது உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. காலனித்துவ அரசாங்கம் காலந்தாழ்த்தியே அங்கு கிணறுகளையும் தங்குமடங்களையும் மருத்துவ நிலையங்களையும் அமைக்க முற்பட்டது. உயிருடன் வந்து சேர்ந்தோர் நன்றி செலுத்தி வழிபட்ட இடம் என்பதே மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் தோற்றம் பற்றி வழங்கும் மரபாகும். காடு கடந்தோர்க்கு அம்மன் சந்நிதியே இறுதித் தரிப்பிடமாயிற்று. வழியில் வீழ்ந்தோரின் பெயர்கள் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. தரிப்பிடம் இல்லாமையால் ஏற்பட்ட இழப்பை அளந்தறிதற்கு இதனினும் துயரமான சான்று கண்டிப் பிரதேசத்தின் வரலாற்றில் இல்லை.

நீராவியும் பெற்றோலும்

1864இன் இறுதியில் அம்பேபுச வரை ஓடிய புகையிரதம் 1867இல் கண்டியையும் 1880இல் மாத்தளையையும் எட்டியது. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள ஏற்றம் ஏறத்தாழ நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி வீதம் உயர்வது. இதனை ஏறுவதற்கு மேலதிக இயந்திரமொன்று றம்புக்கனையில் இணைக்கப்படுவது வழக்கமாயிற்று. நீராவி இயந்திரத்துக்கு நீரும் நிலக்கரியும் வேண்டியிருந்தமையால் நிலையங்கள் தோறும் நீர்த்தாங்கிகள் நிறுவப்பட்டன. கண்டி மன்னரின் காவலர் பகைவரை எதிர்நோக்கியிருந்த பலனை என்னுமிடம், இப்பொழுது புகையிரத நிலையமாயிற்று. தடுப்பதற்கான இடம் தரிப்பதற்கான இடமாக மாறியமை ஆட்சி மாற்றத்தின் தன்மையை ஒரு சொல்லில் உணர்த்துகின்றது.

மோட்டார் வண்டியின் வெற்றியும் தரிப்பிடத்தின் வெற்றியே. 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவரின் வண்டியை மன்கைம் நகரிலிருந்து போர்ஸ்கைம் நகர் வரை செலுத்திச் சென்றபோது, எரிபொருளை வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக் கடையிலேயே வாங்கினார். அவர் சென்ற நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம் கொழும்பிலிருந்து கண்டிக்குள்ள தூரத்தை ஒத்தது. 1900இல் அமெரிக்காவில் உற்பத்தியான 4,192 மோட்டார் வண்டிகளுள் 1,575 மின்சாரத்தால் இயங்கின. பெற்றோலால் இயங்கியவை 936 மாத்திரமே. அவ்வாறிருந்தும் மின்சார வண்டி பின்னடைந்தமைக்குப் பல காரணங்களுள் ஒன்று வெளிப்படையானது. தகரத்தில் அடைத்த பெற்றோலை எந்தக் கிராமத்துக் கடையிலும் விற்கலாம். மின்சாரமோ நகரங்களைத் தாண்டிச் செல்லாதிருந்தது.

பெற்றோல் நிரப்பு நிலையங்கள் அரசியலிலிருந்தும் விலகி நிற்கவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு அந்நியக் கம்பெனிகளின் நிலையங்கள் பல அரசுடைமையாக்கப்பட்டன. நட்டஈடு பற்றிய பிணக்கினால் 1963இல் அமெரிக்கா தன் உதவியை இடைநிறுத்தியது. 2003இல் இந்திய நிறுவனமும் 2023இல் சீன நிறுவனமும் சில்லறை விற்பனையில் இடம்பெற்றன. 2022இன் நெருக்கடியிலோ, நிலையங்கள் இருந்தும் எரிபொருள் இல்லாமற் போயிற்று. மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூலை மாதத்தில் வாராந்தப் பங்கீட்டுக்கு அனுமதி அட்டை முறை அறிமுகமாயிற்று. கட்டடத்தினால் மட்டும் தரிப்பிடம் அமைவதில்லை என்பதை அவ்வாண்டு கண்டி மக்களும் கற்றனர்.

மின்சார வண்டியும் மலையேற்றமும்

2015ஆம் ஆண்டளவில் வரிச் சலுகையின் பயனாக நிசான் லீஃப் முதலிய மின்சார வண்டிகள் பெருந்தொகையில் இலங்கைக்கு வந்தன. லீஃப் வண்டியின் முதல் வடிவம் 24 கிலோவாற்று மணி கொள்ளளவுடைய பற்றரியைக் கொண்டது. அமெரிக்க அரசின் 2011ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அது ஒருமுறை மின்னேற்றி ஓடக்கூடிய தூரம் 73 மைல், அதாவது ஏறத்தாழ 117 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து கண்டிக்குள்ள வீதித் தூரமோ ஏறத்தாழ 115 கிலோமீற்றர். கணக்கில் இரண்டும் பொருந்துவது போலத் தோன்றும்.

ஆயின் மலை இக்கணக்கைக் குலைத்துவிடுகின்றது. ஆட்களோடு 1,800 கிலோகிராம் நிறையுள்ள வண்டியொன்றைக் கண்டியின் உயரமான ஐந்நூறு மீற்றருக்கு உயர்த்துவதற்கு மாத்திரம் இரண்டரைக் கிலோவாற்று மணி வரை செலவாகும். இது முழுக் கொள்ளளவில் பத்திலொரு பங்கு. இறங்கும்போது இதன் ஒரு பகுதி பற்றரிக்குத் திரும்புமாயினும், ஏறும்போது அது உதவாது. யப்பானிற் பாவிக்கப்பட்டு வந்த வண்டிகளின் பற்றரிகள் ஏலவே வலுக் குன்றியிருந்தன. எனவே கேகாலையிலோ மாவனல்லையிலோ மின்னேற்றுவதற்கு வழியுண்டா என்பதே இவ்வண்டியில் மலையேறுவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினாவாயிற்று. விரைவு மின்னேற்றி கிடைத்தால் அரை மணிநேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிரம்பும். வீட்டு மின்னிணைப்பாயின் பல மணிநேரம் வேண்டும். பழைய குதிரை வண்டிக்காரனின் கவலையும் இதுவே: ஏற்றத்துக்கு முன் புதிய குதிரை கிடைக்குமா? றம்புக்கனையில் மேலதிக இயந்திரம் இணைத்த புகையிரதப் பகுதியினரும் இதே வினாவுக்கே விடை கண்டனர்.

இவ்வண்டிகளை இயக்கும் மின்சாரத்தின் பிறப்பிடமும் கருதத்தக்கது. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918இல் முன்வைத்த நீர்மின் திட்டத்தின் கனவு 1950இல் இலக்சபானவில் நனவாயிற்று. மகாவலித் திட்டத்தின்கீழ்க் கண்டிக்கு அண்மையில் 1976இல் பொல்கொல்லை அணையும் 1985இல் 210 மெகாவாற்று ஆற்றலுடைய விக்டோரியா நிலையமும் இயங்கத் தொடங்கின. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. தன் வீடும் கடைத்தெருவும் நீரிலாழ்ந்த அந்நகரத்து மக்களின் இழப்பும் இன்றைய மின்னேற்று நிலையத்தின் பின்னணியில் உண்டு. இராஜகாரியக் குடிகள் வீதிக்குக் கொடுத்த விலை போன்றதே இதுவும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். ஒவ்வொரு காலத்து வண்டிக்கும் அதற்குரிய தரிப்பிடம் தேவைப்பட்டது. அத்தரிப்பிடம் எவர்க்குத் திறந்திருந்தது என்பதிலேயே அக்காலத்துச் சமுதாயத்தின் நீதி வெளிப்பட்டது. அம்பலம் அனைவரையும் ஏற்றது. வாடிவீடு சிலரை ஏற்றது. மாத்தளை வழி பலரைக் கைவிட்டது. மின்னேற்று நிலையம் இவற்றுள் எதனைப் பின்பற்றப் போகின்றது என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால் இவ்வினா விரைந்து விடை வேண்டி நிற்கின்றது. நிலையங்கள் கொழும்பிலும் பெருவீதிகளின் விடுதி முற்றங்களிலும் மட்டும் அமையுமாயின், புசல்லாவையின் தோட்டப்புறமும் மாத்தளைக்கு வடக்கேயுள்ள ஊர்களும் மற்றுமொரு முறை வழியோரத்தில் விடப்படும். முச்சக்கர வண்டியும் பேருந்தும் மின்சாரத்துக்கு மாறும் காலத்தில் இது செல்வரின் பிரச்சினையாக மட்டும் இராது.

செல்வ நாடுகளில் தரிப்பிடங்களை எண்ணிப் போட்டியிடுவோரை நகைத்தல் எளிது. ஆயினும் அவர்கள் தம்மையறியாமலே ஒரு நல்ல பழக்கத்தை மேற்கொண்டுள்ளனர். எந்த இடத்தில் நிலையம் உண்டு, எந்த இடத்தில் இல்லை என்பதை அவர்கள் நேரிற் சென்று அறிகின்றனர். கண்டிப் பிரதேசத்தின் அம்பலங்களையும், வாடிவீடுகளையும், வடக்கு வழியின் பாழடைந்த கிணறுகளையும் அவ்வாறே ஒவ்வொன்றாகச் சென்று கண்டு பதிவு செய்தல் வரலாற்று மாணவர்க்குரிய பணியாகும். எங்கே தரிப்பிடம் இல்லாது மனிதர் மடிந்தனர் என்பதை அறிந்த சமுதாயமே, அடுத்த தரிப்பிடத்தை எங்கே அமைக்க வேண்டும் என்பதையும் அறியும்.