கூடிச் செய்யும் கலையும் கொள்ளைநோயும்

கொள்ளைநோய்க்கும் கலைக்கும் இடையிலான பகை மிகப் பழையது. 1592-ஆம் ஆண்டின் கோடையில் மூடப்பட்ட லண்டன் நாடக அரங்குகள், நோய் பரவியதன் காரணமாக, இடையில் சிறுபொழுது திறந்ததைத் தவிர 1594 வரை முறையாக இயங்கவில்லை. அந்த இடைவெளியில்தான் ஷேக்ஸ்பியரின் 'வீனஸும் அடோனிஸும்' 1593-லும், 'லுக்ரீஸ்' 1594-லும் அச்சேறின. இரண்டும் வீட்டில் அமர்ந்து தனியே வாசிப்பதற்குரிய நெடுங்கவிதைகள். 1918 அக்டோபரில் நச்சுக்காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்கத் திரைப்படத் தயாரிப்பாளர்கள் புதிய படங்களின் வெளியீட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்திவைத்தனர். பல நகரங்களில் திரையரங்குகள் பூட்டிக் கிடந்தன.

இவ்விரண்டு நிகழ்வுகளிலும் நோய் பூட்டியது பார்வையாளர்கள் கூடும் இடத்தையே. அப்படியானால் பார்வையாளர்கள் கூடவே தேவையில்லாத கலை ஒன்று இருந்தால் அதற்கு என்ன நேரும்? இக்கேள்விக்கு 2020-ஆம் ஆண்டு விடை தந்தது. வீடியோ விளையாட்டு தொடக்கத்தில் கடைகளிலும் கூடங்களிலும் ஆடப்பட்டதாயினும், பல பத்தாண்டுகளாக அது வீட்டுக்குள் குடியேறிவிட்ட கலை. ஊரடங்கால் அதற்குப் பாதகமில்லை என்றே பலரும் எண்ணினோம். நுகர்வைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சரியாகவும் இருந்தது. 2020 மார்ச் 20 அன்று வெளியான நிண்டெண்டோவின் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' முதல் 6 வாரங்களில் 1 கோடியே 34 லட்சம் பிரதிகள் விற்றது. தீவொன்றில் மரம் நட்டு, மீன் பிடித்து, அண்டை வீட்டாரோடு உரையாடும் அவ்விளையாட்டு, வாசலைத் தாண்ட இயலாதவர்களுக்கு ஒரு வாசலாயிற்று.

ஆனால் உருவாக்கத்தின் கதை வேறு. முதல் அடி சீனாவிலிருந்து விழுந்தது. 2020 பிப்ரவரி தொடக்கத்தில், சீனத் தொழிற்சாலைகளின் முடக்கத்தால் ஜப்பானுக்கான ஸ்விட்ச் கருவிகளின் உற்பத்தி தாமதமாகும் என்று நிண்டெண்டோ அறிவித்தது. அதே வாரத்தில் 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்' விளையாட்டின் ஸ்விட்ச் பதிப்பும் தள்ளிவைக்கப்பட்டது. அப்பணியை ஏற்றிருந்த வர்ச்சுவோஸ் நிறுவனத்தின் குழுவை நோய்த்தொற்று பாதித்ததே காரணம் என்று கூறப்பட்டது. மார்ச் 6-இல் வரவேண்டியது ஜூன் 5-இல் வந்தது. ஓர் அமெரிக்க நிறுவனம் எழுதிய கதை, ஆசியாவில் வேறொரு குழுவின் கைகளால் மற்றொரு கருவிக்கு மாற்றப்படுகிறது என்பதைச் சாதாரண ஆட்டக்காரர் பலர் அறிந்தது இத்தகைய அறிவிப்புகளால்தான்.

இவ்வரலாற்றில் மிகுந்த முரண்நகை உடையது 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தின் கதை. தொற்றுநோயால் நாகரிகம் சிதைந்த உலகில் மனிதர்கள் எவ்வாறு ஒருவரை ஒருவர் நேசிக்கவும் பழிவாங்கவும் செய்கிறார்கள் என்பதே அதன் பொருள். அதன் வெளியீட்டு நாள் முதலில் 2020 பிப்ரவரி 21 என்றும், பின்னர் மே 29 என்றும் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 2 அன்று, நாள் எதுவும் குறிக்காமல் சோனி அதனை ஒத்திவைத்தது. பணி ஏறத்தாழ முடிந்துவிட்டது, கடைசிப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறோம், ஆயினும் உலகெங்கும் ஒரே காலத்தில் கொண்டுசேர்க்க வழியில்லை என்று அதனை உருவாக்கிய நாட்டி டாக் விளக்கியது. இரண்டு வட்டுகளில் அடங்கிய அந்த ஆட்டம், அச்சிடும் ஆலையையும் கிடங்கையும் லாரியையும் கடைக்காரரையும் நம்பி இருந்தது. அம்மாத இறுதிக்குள் கதையின் முக்கியக் காட்சிகள் இணையத்தில் கசிந்தன. பல ஆண்டுகள் மறைத்துக் காத்த திருப்பங்களைக் காத்திருந்தவர்கள் துண்டுதுண்டாகப் பார்த்துச் சினந்தனர். இறுதியில் ஜூன் 19 அன்று அது வெளியாகி, முதல் மூன்று நாட்களில் 40 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இங்கே தடைப்பட்டது விநியோகம் மட்டுமே. தொடக்கநிலையிலும் நடுநிலையிலும் இருந்த ஆட்டங்களுக்கு நேர்ந்த சேதம் ஆழமானது. நடிகர்கள் உணரிகள் பொருத்திய உடையணிந்து ஒரே கூடத்தில் கட்டிப்புரண்டு சண்டையிட்டால்தான் திரையில் இரு உருவங்கள் சண்டையிடும். பின்னணி இசைக்கு வாத்தியக் குழு ஓர் அறையில் கூட வேண்டும். இன்னும் சந்தைக்கு வராத கருவிகளின் சோதனைப் பிரதிகள் அலுவலகத்தின் பூட்டுக்குள் இருக்கும். அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்கே தனி அனுமதி வேண்டும். இவற்றைவிடவும் பெரிய இழப்பு, பக்கத்து நாற்காலிக்காரரின் தோளைத் தட்டி 'இதைக் கொஞ்சம் பாரேன்' என்று சொல்லும் வாய்ப்பு. ஒரு நிமிடத்தில் தீர வேண்டிய ஐயம், கடிதமாகவும் காணொலிக் கூட்டமாகவும் மாறி ஒரு நாளை விழுங்கியது.

அதன் விளைவு வெவ்வேறு விதமாக வெளிப்பட்டது. புதிய எக்ஸ்பாக்ஸுடன் 2020 நவம்பரில் வரவேண்டிய 'ஹேலோ இன்ஃபினிட்' ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போய் 2021 டிசம்பர் 8-இல் வந்தது. தாமதத்துக்கான காரணங்களுள் பெருந்தொற்றும் ஒன்றாகக் கூறப்பட்டது. அதற்கு நேர்மாறானது 'சைபர்பங்க் 2077'. ஏப்ரல், செப்டம்பர், நவம்பர் என மூன்று நாட்களைத் தாண்டி 2020 டிசம்பர் 10-இல் அது வெளியிடப்பட்டது. பழைய கருவிகளில் அது தடுமாறிய விதம் கண்டு, சில நாட்களுக்குள் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதனை நீக்கிற்று. 2021 ஜூனில்தான் அது அங்கே திரும்பியது. முன்னது தாமதித்ததற்காக ஏசப்பட்டது, பின்னது தாமதிக்காததற்காக.

இத்தாமதங்களை நுகர்வோரின் ஏமாற்றமாக மட்டும் எழுதிவிடுவது எளிது. ஆனால் கணக்கில் மறுபக்கமும் உண்டு. 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கும் தறுவாயில், நாட்டி டாக் ஊழியர்கள் இரவும் வார இறுதியும் பாராமல் உழைத்துக் களைத்ததைப் பற்றிய செய்திகள் வெளிவந்திருந்தன. அவ்வுழைப்பு பிறகு வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு இடம்பெயர்ந்தது. பள்ளி மூடிய குழந்தைகளுக்கு நடுவே அவர்கள் வேலை செய்தார்கள். வீட்டில் அடைபட்ட உலகம் அதிகமாக விளையாடியதால் நிறுவனங்கள் அதிகமாக ஆள் எடுத்தன. கதவுகள் திறந்து தேவை தணிந்தபோது, 2023, 2024 ஆண்டுகளில் பல்லாயிரவர் வேலையிழந்தனர். ஆண்டுதோறும் ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் கூடிய இ3 கண்காட்சியும் 2020-இல் ரத்தாகி, பழைய நிலைக்குத் திரும்பாமலே 2023 டிசம்பரில் முடிவுக்கு வந்தது.

ஷேக்ஸ்பியருக்கு அரங்கு மூடியபோது ஒரு மாற்று இருந்தது. தனியே எழுதி, தனியே வாசிக்கத் தரக்கூடிய கவிதை என்னும் வடிவம் அவர் கைவசம் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் கூடிச் செய்யும் விளையாட்டுக்கு அத்தகைய மாற்று இல்லை. தனித்து நுகரப்படுவதாலேயே அது தனித்து உருவாகிறது என்று நாம் மயங்கியிருந்தோம். வெளியீட்டு நாள் தள்ளிப்போகிறது என்ற ஒற்றை வரிச் செய்தியை இனி வாசிக்கும்போது, அதற்குப் பின்னால் பூட்டிய கூடத்தையும் நிற்கும் லாரியையும் சாப்பாட்டு மேசையில் கண்விழித்திருக்கும் ஒருவரையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.