கல்பாக்கத்தின் கடலடிச் சுரங்கம்

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து துணி ஏற்றுமதி செய்தார்கள். ஆனால் கப்பல்கள் கரையை நெருங்க முடியாது. ஆழமில்லாத கடல், ஓயாத அலை. தொலைவில் நங்கூரமிட்ட கப்பலுக்கு, கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் மூட்டைகள் போயின. முந்நூறு ஆண்டுகள் கழித்து, அதே கரையில் கடல்நீர் எடுக்க வந்த பொறியாளர்களுக்கும் அந்த அலையும் மணலும்தான் குறுக்கே நின்றன.

சதுரங்கப்பட்டினத்துக்கு அருகில், கல்பாக்கத்தில் எழுந்த சென்னை அணுமின் நிலையத்துக்கு நொடிக்கு 35 கன மீட்டர் கடல்நீர் வேண்டியிருந்தது. டர்பைனை விட்டு வெளிவரும் நீராவியைக் குளிர்விக்க. வாய்க்கால் வெட்டினால் தூர்ந்துபோகும். இந்தக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு மெரினாவில் மணல் குவிந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆகவே பாறைக்குள் இறங்கினார்கள். கடற்படுகைக்குச் சுமார் 50 மீட்டர் கீழே, 468 மீட்டர் நீளத்தில், 3.8 மீட்டர் விட்டத்தில் ஒரு சுரங்கம். கடல் முனையில் செங்குத்துக் கிணறு, அதன் சுவரைச் சுற்றி நீர் நுழையும் சாளரங்கள். கரை முனையில் இன்னொரு கிணறு, அதையடுத்துப் பம்பு நிலையம்.

சுரங்கத்துக்குள் நீரை எந்த இயந்திரமும் தள்ளுவதில்லை. கடல் மட்டத்துக்கும் கரைக் கிணற்று மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே அதை ஓட வைக்கிறது. ஒவ்வொரு திருப்பமும், சுவரின் ஒவ்வொரு சொரசொரப்பும் அந்த வித்தியாசத்தைக் கூட்டும்; கிணற்று மட்டம் இறங்கும். பம்பு வெளியேற்றும் பக்கத்து இழப்பைப் பெரிய மோட்டார் போட்டு ஈடுகட்டலாம். உறிஞ்சும் பக்கத்தில் அது நடக்காது. அழுத்தம் மிகக் குறைந்தால் நீருக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகி, உடைந்து, பம்பின் இறக்கைகளை அரிக்கும். வளைந்து மெல்லத் திரும்பும் பாதைதான் நீருக்கு உகந்தது. பாறை குடைபவர்களுக்கோ நேர்க்கோடும் செங்குத்துக் கிணறும்தான் எளிது. அகலமான விட்டம் இந்த இரண்டுக்கும் இடையிலான சமரசம்.

சில ஏசிகளுக்குள் இருக்கும் ஸ்க்ரோல் கம்ப்ரசரிலும் இதே இழுபறிதான். பிரான்சின் லியோன் க்ரூ 1905இல் காப்புரிமை பெற்ற அந்தச் சுருள் வடிவம், துல்லியமாகக் கடையும் இயந்திரங்கள் வந்த பிறகே, 1980களில், பெருமளவில் சந்தைக்கு வந்தது. அதன் உறிஞ்சுவழியில் அழுத்தம் குறைந்தால் வாயு அடர்த்தி இழக்கும். சுற்றுக்குச் சுற்று உள்ளே போகும் குளிரூட்டி குறையும். வழியை வழவழப்பாக வளைக்கலாம்தான், ஆனால் வார்ப்பு அச்சும் வெட்டுக்கருவியும் இடம் கொடுக்கும் அளவுக்குத்தான்.

கல்பாக்கத்தின் முதல் உலை 1983 ஜூலை 2 அன்று இயங்கத் தொடங்கியது. சுரங்கத்தில் யாரும் வரையாத ஒரு மாற்றத்தைச் செய்தது பச்சை ஆழி. பாறையில் ஒட்டி வாழும் இந்தச் சிப்பிக்கு அங்கே எல்லாம் வாய்த்திருந்தது: ஓயாமல் உணவும் ஆக்ஸிஜனும் கொண்டுவரும் ஓட்டம், வேட்டையாட வருவோர் குறைவு. சுரங்கத்தில் படிந்த உயிரிகளின் எடை சுமார் 580 டன் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஒரே அளவு நீர் ஓடும்போது, அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறும். சுவரைச் சுற்றி 25 சென்டிமீட்டர் படிந்தால் 3.8 மீட்டர் விட்டம் 3.3 ஆகச் சுருங்கும். சொரசொரப்பைச் சேர்க்காமலே இழப்பு இரட்டிப்பாகும். நுணுக்கமான வடிவமைப்பு எதுவும் இதற்கு ஈடு கொடுக்காது என்பதால், இந்தச் சிப்பியின் வாழ்க்கையைப் படித்த உயிரியலாளர்களின் உழைப்பை நீரியல் பொறியியலின் பாதி என்றே சொல்ல வேண்டும்.

ஆழியை ஒழிக்க நீரில் குளோரினை விட்டுவிட்டுக் கலந்தால், அது ஓட்டை மூடிக்கொண்டு காத்திருக்கும். நஞ்சு போனதும் திறக்கும். குறைந்த அளவில் இடைவிடாமல் கலந்தால் எவ்வளவு நாள்தான் மூடியிருக்கும்? பலன் தந்தது அந்த முறைதான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, தடையில்லாமல் நீர் வர வேண்டும் என்று அகலமாகக் குடைந்த அதே வழியாகக் கடல் பம்பு நிலையத்துக்குள் ஏறியது. குளிர்விப்புப் பம்புகள் மூழ்கின. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டு, 2005 ஜனவரி தொடக்கத்தில் மீண்டும் இயங்கியது.